எது இல்லை, எது எஞ்சுகிறது?

கி.பி. 647ஆம் ஆண்டு. தாங் பேரரசின் தலைநகரான சாங்கான். இந்தியாவிலிருந்து ஏடுகளும் சிலைகளுமாகத் திரும்பி இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த யுவான் சுவாங், தாம் கொண்டுவந்த பௌத்த நூல்களை மொழிபெயர்ப்பதில் மூழ்கிக் கிடந்தார். அப்போது பேரரசர் தாய்சோங்கிடமிருந்து ஓர் ஆணை வந்தது. இன்றைய அசாம் பகுதியை ஆண்ட காமரூப அரசர் லாவோசியின் நூலைக் கேட்டனுப்பியிருக்கிறார். அதைச் சமஸ்கிருதத்தில் ஆக்கித் தர வேண்டும். துணைக்குச் சாய் ஹுவாங், செங் சுவான்யிங் முதலிய தாவோயிய அறிஞர்கள் வந்து சேர்ந்தார்கள்.

உட்கார்ந்ததுமே சச்சரவு மூண்டது. நூலின் உயிர்ச்சொல்லான 'தாவோ'வுக்கு என்ன போடுவது? 'போதி' என்று போடலாம் என்றார்கள் தாவோயியர்கள். யுவான் சுவாங் இசையவில்லை. போதி என்றால் விழித்துணர்தல், தாவோ என்றால் வழி, ஆகவே 'மார்க்கம்' என்றே எழுத வேண்டும் என்றார். அடுத்த பூசல் இன்னும் ஆழமானது. லாவோசியை விளக்கத் தாவோயியர்கள் பௌத்தச் சிந்தனையாளர் நாகார்ஜுனரையும் அவர் மாணவர் ஆரியதேவரையும் துணைக்கு அழைத்தார்கள். இரண்டு நெறிகளின் அடித்தளமும் வேறு, ஒன்றை வைத்து மற்றதை விளக்கினால் இரண்டும் கெடும் என்பது யுவான் சுவாங்கின் நிலை. இருநூறு ஆண்டுகளுக்கு முன் உங்கள் பௌத்த அறிஞர் செங்சாவே லாவோசியின் சொற்களைக் கொண்டுதானே பௌத்தத்தை விளக்கினார் என்று அவர்கள் மடக்கினார்கள். அன்று பௌத்தம் புதிதாக வந்திருந்தது, புரியவைக்கக் கடன் வாங்க வேண்டியிருந்தது. இன்று நூல்களெல்லாம் கையில் இருக்கும்போது கடன் எதற்கு என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். பல்லைத் தட்டுவது, எச்சிலை விழுங்குவது போன்ற பயிற்சிகள் பேசும் ஒரு முன்னுரையையும் சேர்க்கச் சொன்னபோது, அயல்நாட்டார் படித்தால் நமக்குத்தான் தலைகுனிவு என்று அதையும் தள்ளிவிட்டார்.

யுவான் சுவாங்கின் காலத்தவரான தாவோசுவான் எழுதிவைத்த வரலாறு இது. இன்று 'வெறுமை', 'விழிப்புணர்வு' என்ற இரண்டு சொற்களைச் சொல்லிப் புத்தர், லாவோசி, சங்கரர், சூஃபிகள் எல்லோரையும் ஒரே வரிசையில் உட்கார வைக்கிறோம். அந்த மொழிபெயர்ப்பு மேசையில் நடந்த வழக்கு இன்னும் தீரவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. இக்கட்டுரை அந்த வழக்கை மறுபடி எடுத்துப் பார்க்கிறது. வெறுமை என்று ஒரு மரபு சொல்லும்போது அது எதை இல்லை என்கிறது, எதை எஞ்சவிடுகிறது, எஞ்சுவதை அறிவது யார் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டால், ஒன்றுபோலத் தோன்றிய வெறுமைகள் தனித்தனியே பிரிந்து நிற்கின்றன. அப்படிப் பிரித்துப் பார்த்த பிறகுதான் அவை ஒன்றுக்கொன்று என்ன கொடுத்தன என்பதும் தெரியவரும்.

நம் சொற்களின் வாசனை

முதலில் நம் வீட்டுச் சிக்கல். 'சூனியம்' என்றால் தமிழ் வாசகர் பலருக்கு முதலில் நினைவு வருவது யாரோ யாருக்கோ வைத்த சூனியம்தான். 'பாழ்' என்றால் விளையாத நிலம், இடிந்த வீடு. 'வெறுமை' மனச்சோர்வின் சொல்லாகிவிட்டது. இன்மையைக் குறிக்கும் நம் சொற்கள் பெரும்பாலும் இழப்பின் வாசனையோடு வருகின்றன. விதிவிலக்காக 'வெளி' இருக்கிறது, 'சும்மா' இருக்கிறது. சித்தர்களும் தாயுமானவரும் இந்த இரண்டையும் விரும்பி எடுத்துக்கொண்டதற்கு இந்த வாசனை வேறுபாடும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது. திருமூலரோ 'பாழ்' என்ற சொல்லையே எடுத்து மூன்று படிகளாக உயர்த்தி முப்பாழ் ஆக்கினார்.

உணர்வு என்ற பக்கத்திலும் இதே தடுமாற்றம். பௌத்தத்தின் பன்னிரண்டு சார்புகளை மணிமேகலை தமிழில் அடுக்கும்போது, விஞ்ஞானம் என்ற பாலி, சமஸ்கிருதச் சொல்லுக்கு 'உணர்வு' என்றே சொல்கிறது, நாமரூபத்துக்கு 'அருவுரு'. எவ்வளவு துல்லியமான சொற்கள்! ஆனால் இன்றைய தமிழில் உணர்வு என்றால் உணர்ச்சி, இனவுணர்வு, தாய்மொழியுணர்வு. பௌத்தத்தில் மெய்யறிவைக் குறித்த பிரக்ஞை, நவீன இலக்கியத் தமிழில் வெறும் தன்னினைவு ஆகிவிட்டது. ஆக, மொழிபெயர்ப்பு தொடங்கும் முன்பே சொற்கள் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. இக்கட்டுரையில் உணர்வு என்பது மணிமேகலையின் பொருளில் வருகிறது: ஒன்றை அறிந்துகொண்டிருக்கும் நிலை.

மாளிகையில் யானை இல்லை

மேலே சொன்ன கேள்விகளில் முதல் இரண்டும் என் சொந்தச் சரக்கல்ல. பாலி மறைநூல்களில் மத்திம நிகாயத்தின் 121ஆம் உரை சூளசுஞ்ஞத சுத்தம். வெறுமை பற்றிய சிறு உரை. சாவத்தி நகருக்குக் கிழக்கே, விசாகை என்ற செல்வப் பெண்மணி கட்டிக்கொடுத்த மாளிகையில் புத்தர் தங்கியிருக்கிறார். நீங்கள் வெறுமையில் அதிகம் தங்குவதாகக் கேள்விப்பட்டேனே என்று ஆனந்தர் கேட்கிறார். புத்தர் கையெட்டும் தூரத்தில் இருப்பதையே எடுத்துக்காட்டாக்குகிறார். இந்த மாளிகையில் யானை இல்லை, மாடு இல்லை, குதிரை இல்லை, பொன்னும் வெள்ளியும் இல்லை. அவற்றைப் பொறுத்தவரை இது வெறுமை. துறவியர் கூட்டம் மட்டும் இருக்கிறது. அதைப் பொறுத்தவரை வெறுமை இல்லை.

இவ்வளவு எளிய தொடக்கம். பிறகு படிப்படியாக நகர்கிறது. துறவி ஊரை மனத்திலிருந்து விட்டுவிட்டுக் காட்டை மட்டும் நினைக்கிறார். காட்டையும் விட்டுவிட்டு நிலத்தை மட்டும் நினைக்கிறார். மேடு பள்ளம், ஆறு, முள், புதர் எதுவுமில்லாத நிலம். நூறு முளை அடித்துச் சுருக்கமில்லாமல் இழுத்து விரித்த எருதுத் தோலைப் போன்ற நிலம் என்கிறது உரை. பிறகு எல்லையற்ற வெளி, எல்லையற்ற உணர்வு, ஏதுமின்மை என்று மேலே போகிறது. ஒவ்வொரு படியிலும் அதே கணக்கு: எது இங்கே இல்லையோ அது இல்லை என்று காண், எது எஞ்சியிருக்கிறதோ அது இருக்கிறது என்று அறி.

இதில் கவனிக்க வேண்டியது, எல்லையற்ற உணர்வு இந்தப் படிக்கட்டின் உச்சியில் இல்லை என்பது. அது நடுவழியில் ஒரு படி. கால் வைத்து ஏறிக் கடந்துவிட வேண்டியது. மற்ற பல மரபுகள் இறங்கித் தங்கிவிடும் நிலையத்தில் பௌத்தத்தின் வண்டி நிற்பதில்லை. கடைசிப் படியிலும் ஏதோ எஞ்சுகிறது. உயிர் இருக்கும்வரை உடலும் ஆறு பொறிகளும் இருக்கின்றன என்று அங்கேயும் கணக்கில் எழுதிவைக்கிறார்கள்.

இதற்குத் துணையாக இன்னோர் உரை, அதே நிகாயத்தின் 38ஆவது. மீனவர் குடியில் பிறந்த ஒரு துறவி, ஒரே உணர்வுதான் மாறாமல் பிறவிதோறும் பயணம் போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். புத்தர் அவரை அழைத்துக் கடிந்துகொள்கிறார். கட்டையில் எரிந்தால் கட்டை நெருப்பு, புல்லில் எரிந்தால் புல் நெருப்பு, சாணத்தில் எரிந்தால் சாண நெருப்பு. கண்ணையும் உருவத்தையும் பற்றி எழுந்தால் கண்ணுணர்வு, காதையும் ஒலியையும் பற்றி எழுந்தால் செவியுணர்வு. எரிபொருள் இல்லாமல் தனியே ஒரு நெருப்பு எங்கேயும் காத்துக்கொண்டிருப்பதில்லை.

தன்னைத் தானே காட்டும் விளக்கு

பொதுவாக இரண்டாம் நூற்றாண்டில் வைக்கப்படும் நாகார்ஜுனர் இந்தக் கருத்தை அதன் எல்லைவரை தள்ளினார். அவர் இல்லை என்பது பொருள்களை அல்ல. பொருள்களுக்குள் வேறெதையும் சாராமல் நிற்பதாக நாம் கருதும் தன்னியல்பை. குடம் இருக்கிறது, களிமண், குயவர், சக்கரம், தண்ணீர், 'குடம்' என்று அழைக்கும் வழக்கம் இவற்றைச் சாராமல் தானே குடமாக நிற்கும் ஒன்று அதற்குள் இல்லை. சார்ந்து தோன்றுவதையே வெறுமை என்கிறோம் என்பது அவருடைய மூலமத்தியமக காரிகையின் 24ஆம் இயல் நிறுவும் முடிவு. வெறுமையைத் தவறாகப் பிடித்துக்கொள்வது பாம்பைத் தவறாகப் பிடிப்பது போன்றது என்ற எச்சரிக்கையும் அங்கேதான் வருகிறது. வெறுமையை ஒரு பொருளாக, உலகத்தின் அடியில் கிடக்கும் ஒரு பாழாக எண்ணுவதுதான் அந்தத் தவறான பிடி. வெறுமையும் வெறுமையானதே.

அப்படியானால் இதையெல்லாம் அறியும் உணர்வு? பௌத்தத்துக்குள்ளேயே அண்ணன் தம்பிச் சண்டை இங்கேதான் தொடங்கியது. அதில் காஞ்சிபுரத்துக்குப் பங்கு உண்டு. திபெத்திய மரபு காஞ்சியை அடுத்த ஊரில் பிறந்தவராகச் சொல்லும் திக்நாகர், ஒவ்வோர் அறிதலும் தன் பொருளை அறியும்போதே தன்னையும் அறிந்துகொள்கிறது என்றார். அவருடைய வாதம் நினைவிலிருந்து புறப்படுகிறது. நேற்றைய மழை இன்று நினைவுக்கு வரும்போது மழை மட்டும் வருவதில்லை, 'பார்த்தேன்' என்பதும் கூடவே வருகிறது. பார்த்தபோதே பார்வை தன்னை அறிந்திராவிட்டால் இன்று அந்தப் 'பார்த்தேன்' எங்கிருந்து வரும்?

காஞ்சியில் பிறந்து நாளந்தாவின் தலைமை ஏற்றவர் என்று யுவான் சுவாங் எழுதிவைத்திருக்கும் தருமபாலர் இன்னும் ஓர் அடுக்கைச் சேர்த்தார். துணி அளப்பதைக் கொண்டு யோகாசார மரபினர் இதை விளக்குவார்கள். துணி அளக்கப்படுவது, கோல் அளப்பது, 'மூன்று முழம்' என்று அறிந்துகொள்வது மூன்றாவது. அந்த மூன்றாவதைச் சரிபார்க்க நான்காவது ஒன்று வேண்டும் என்றார் தருமபாலர். மூன்றும் நான்கும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்வதால் ஐந்தாவது தேவைப்படாது. யுவான் சுவாங்கின் ஆசிரியர் சீலபத்திரர் இந்தத் தருமபாலரின் மாணவர். 659இல் யுவான் சுவாங் சீனத்தில் தொகுத்து முடித்த பெரிய யோகாசார நூல் பெரிதும் தருமபாலரின் உரையையே முதன்மையாகப் பின்பற்றுகிறது.

நாகார்ஜுனரின் வழிவந்தவர்கள் இதை ஏற்கவில்லை. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சாந்திதேவர் கேட்டார்: கத்தி தன்னையே வெட்டிக்கொள்ளுமா? விளக்கு தன்னைத் தானே காட்டவில்லையா என்று எதிர்த்தரப்பு சொன்னால் அதற்கும் விடை இருந்தது. விளக்கின் மேல் இருட்டு எப்போதும் படிந்ததே இல்லை. இருட்டு இல்லாத இடத்தில் ஒளி எதை அகற்றியது? தன்னைத் தானே அறியும் உணர்வு என்று ஒன்றை ஒப்புக்கொண்டால் சாராமல் நிற்கும் தன்னியல்பு கொல்லை வழியாக உள்ளே வந்துவிடும் என்பது அவர்களுடைய அச்சம்.

துருத்தியும் கத்தியும்

சீனத்துக்குப் போவோம். 1993இல் குவோதியன் கல்லறையில் கிடைத்த மூங்கில் சுவடிகள் ஏறத்தாழ கி.மு. 300 காலத்தவை, லாவோசியின் நூலுக்கு நம்மிடம் இருப்பவற்றுள் மிகப் பழைய சுவடி அதுதான். அதிலேயே ஓர் உவமை இருக்கிறது: வானுக்கும் மண்ணுக்கும் இடைப்பட்ட வெளி கொல்லன் துருத்தியைப் போன்றது. உள்ளே காலி; ஆனால் தளர்ந்து ஒடுங்குவதில்லை; அசைக்க அசைக்க மேலும் மேலும் வெளிவருகிறது. பரவலாகப் படிக்கப்படும் பாடத்தின் 11ஆம் பகுதி சக்கரக் குடத்தின் துளை, மண்பாண்டத்தின் உட்குழிவு, அறையின் கதவுச் சன்னல் இடைவெளி மூன்றையும் காட்டி, பயன் அந்தக் காலி இடத்தில்தான் இருக்கிறது என்கிறது.

இங்கே முதல் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். எது இல்லை? பானைக்குள் மண் இல்லை. பானையின் தன்னியல்பைப் பற்றி லாவோசிக்கு எந்தக் கவலையும் இல்லை. மண் சுவர் மண் சுவராகவே இருக்கட்டும், குழிவு குழிவாக இருக்கட்டும், இரண்டும் சேர்ந்தால் தண்ணீர் நிற்கும். நாகார்ஜுனருக்கோ சுவரும் வெறுமை, குழிவும் வெறுமை, தண்ணீரும் வெறுமை. ஒரே பானையை இருவரும் பார்க்கிறார்கள். ஒருவர் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்கிறார், மற்றவர் அது எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்.

உணர்வைப் பற்றிய தாவோயியப் பேச்சு சுவாங்சியிடம்தான் செழிப்பாக இருக்கிறது. அவர் நூலில் கன்ஃபூசியஸ் ஒரு கதைப்பாத்திரமாக வந்து, தம் சீடருக்கு 'மனத்தின் உண்ணாநோன்பு' கற்றுக்கொடுக்கிறார். காதால் கேளாதே, மனத்தால் கேள். மனத்தாலும் கேளாதே, உயிர்மூச்சால் கேள். மூச்சு காலியாக இருந்து எதிர்ப்படுவதற்காகக் காத்திருக்கும். இன்னோரிடத்தில் ஒரு சமையற்காரர் எருதை வெட்டுகிறார். சாதாரண ஆள் மாதம் ஒரு கத்தி மாற்றுவார், நல்ல ஆள் ஆண்டுக்கு ஒன்று. இவர் பத்தொன்பது ஆண்டுகளாக ஒரே கத்தியை வைத்திருக்கிறார், விளிம்பு மழுங்கவில்லை. எலும்பு மூட்டுகளுக்கிடையே இடைவெளி உண்டு, கத்தி விளிம்புக்குத் தடிமனே இல்லை. தடிமன் இல்லாதது இடைவெளிக்குள் புகுந்தால் விளையாட இடம் மிச்சம் என்கிறார். பிறகு அந்தப் படகுக் கதை. ஆற்றைக் கடக்கும்போது ஆளில்லாப் படகொன்று வந்து மோதினால் முன்கோபிகூடக் கோபப்பட மாட்டான். உள்ளே ஓர் ஆள் இருந்தால் போதும், மூன்று தடவை கத்திவிட்டு ஏச ஆரம்பித்துவிடுவான். உலகத்தில் ஆளில்லாப் படகாய்த் திரிபவனை யார் என்ன செய்ய முடியும்?

இங்கே எஞ்சுவது சாட்சியாய் நிற்கும் தூய உணர்வு என்று எளிதில் சொல்லிவிட முடியாது. எஞ்சுவது ஒரு திறம்: வந்ததை வந்தபடி எதிர்கொள்ளும் நெகிழ்வு. அறிபவர் யார் என்ற விசாரணை சுவாங்சியை அவ்வளவாக உறுத்தவில்லை. அறிபவர் குறுக்கே வராமல் இருந்தால் கை தன் வேலையைச் செய்யும்.

கடனும் வட்டியும்

இப்படிப்பட்ட மண்ணில் நாகார்ஜுனர் வந்து இறங்கினால் என்ன ஆகும்? 179இல் லோகட்சேமர், வெறுமையைப் பேசும் பிரஜ்ஞாபாரமிதை நூலைச் சீனத்தில் ஆக்கியபோது, 'உள்ளது உள்ளபடி' என்று பொருள்படும் சொல்லுக்கு 'மூல இன்மை' என்ற பொருளுடைய சீனச் சொல்லைப் போட்டார். நிர்வாணத்துக்குச் 'செயலின்மை' என்ற தாவோயியச் சொல் கிடைத்தது. எல்லாப் பொருள்களும் இன்மை என்ற வேரிலிருந்து எழுகின்றன என்று மூன்றாம் நூற்றாண்டில் வாங் பி என்ற இளம் மேதை லாவோசிக்கு உரை எழுதியிருந்தார். இருபத்து நான்கு வயதைக்கூட எட்டாமல் இறந்துபோனவர் அவர். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தால் பௌத்த வெறுமையும் உலகைப் பெற்ற தாயாகத் தெரியும். நாகார்ஜுனர் எச்சரித்த பாம்பின் பிடி அதுதான்.

401இல் சாங்கானுக்கு வந்து சேர்ந்த குமாரஜீவர், 409இல் நாகார்ஜுனரின் காரிகைகளை உரையோடு சீனத்தில் தந்தார். அவருடைய மாணவர் செங்சாவ் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. ஏடு பெயர்த்தெழுதிப் பிழைத்தவர். லாவோசியிலும் சுவாங்சியிலும் ஊறி வளர்ந்து பின்பு பௌத்தத்துக்கு வந்தவர். பொருள்கள் இல்லாமல் போகவில்லை, உண்மையாக உள்ளவையும் இல்லை. உண்மையல்லாதவை என்பதாலேயே வெறுமை என்று அவர் எழுதினார். பாழான மூலம் எதுவும் அடியில் கிடக்கவில்லை என்பது அதன் சாரம். அதைச் சொல்லச் சுவாங்சியின் நடையும் சொல்லும் அவருக்குக் கைகொடுத்தன. கடன் வாங்கிய சொல்லை வைத்தே, அந்தச் சொல் உண்டாக்கிய பிழையைத் திருத்தினார்.

கடன் ஒரு பக்கமாக மட்டும் ஓடவில்லை. யுவான் சுவாங்கோடு மல்லுக்கு நின்ற செங் சுவான்யிங், 'இரட்டை மறைபொருள்' என்று அழைக்கப்படும் தாவோயியச் சிந்தனையின் பெரிய உரையாசிரியர். பற்றை விடு என்பது முதல் மறைபொருள். விட்டுவிட்டோம் என்ற பற்றையும் விடு என்பது இரண்டாவது. வெறுமையும் வெறுமையானதே என்ற நாகார்ஜுனரின் வாதத்தைத் தாவோயியம் செரித்துக்கொண்ட வடிவம் அது. ஆகவே அன்றைய மேசையில் அவர் நாகார்ஜுனரை இழுத்தது சும்மா அல்ல. அவருடைய லாவோசிக்குள் நாகார்ஜுனர் ஏற்கெனவே குடியேறியிருந்தார்.

கண்ணாடியின் இரண்டு பாடங்கள்

இந்தக் கலப்பில் விளைந்த சான் பௌத்தத்தில், ஜென் என்ற சப்பானியப் பெயரில் உலகம் அறிந்த மரபில், உணர்வுக்கும் வெறுமைக்கும் இடையிலான இழுபறி ஒரு பாடபேதமாகவே பதிவாகியிருக்கிறது. கதை பலருக்கும் தெரிந்தது. மடத்தலைவர் பதவிக்கு யார் தகுதியானவர் என்று பார்க்க ஆளுக்கொரு பாட்டு எழுதச் சொல்கிறார்கள். மூத்த சீடர் ஷென்சியு, மனம் பளிங்குக் கண்ணாடி, தூசு படியாமல் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று எழுதுகிறார். நெல் குத்தும் வேலைக்காரராக இருந்த ஹுய்நெங் அதற்கு எதிர்ப்பாட்டு சொல்லித் தலைமையைப் பெறுகிறார்.

நாம் படித்துப் பழகிய வடிவத்தில் அந்த எதிர்ப்பாட்டு, ஆதியில் ஒரு பொருளும் இல்லையே என்று கேட்கிறது. ஆனால் துன்ஹுவாங் குகையில் கிடைத்த பழைய சுவடியில் அந்த வரி இல்லை. அங்கே இருப்பது வேறு கருத்து: புத்தஇயல்பு எப்போதும் தூயது, தூசு எங்கே படியும்? ஒரு பாடத்தில் எஞ்சுவது என்றும் மாசுபடாத இயல்பு. மற்றொன்றில் எஞ்சுவதைப் பற்றிய பேச்சே இல்லை. நூற்றாண்டுகளின் போக்கில் பாட்டு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சாய்ந்திருக்கிறது. ஒரே மரபின் ஒரே பாட்டுக்குள்ளேயே இவ்வளவு நகர்வு இருக்கும்போது, ஐந்து மரபுகளைச் சேர்த்து எல்லாம் ஒன்று என்பது அவசரம்.

திபெத்தில் இதே இழுபறி வெளிப்படையான கட்சிகளாகவே பிரிந்தது. தோல்போபா (1292–1361) இறுதி மெய்ம்மை தன்னிடம் இல்லாத அழுக்குகளைப் பொறுத்தவரை மட்டுமே வெறுமை, தன் ஒளியைப் பொறுத்தவரை வெறுமை இல்லை என்றார். மாளிகையில் யானை இல்லை, துறவியர் உண்டு என்ற பழைய கணக்கின் இன்னொரு வாசிப்பு அது. சோங்காபா (1357–1419) அதைக் கடுமையாக மறுத்தார். பதினேழாம் நூற்றாண்டில் ஐந்தாம் தலாய் லாமாவின் ஆட்சியில் தோல்போபாவின் ஜோனாங் மரபு மத்திய திபெத்தில் தன் மடத்தையே இழந்தது. அரசியல் காரணங்களும் சேர்ந்துதான். ஆனாலும் உணர்வு வெறுமையா என்ற கேள்வி மடங்களைப் பறிக்கும் அளவுக்குச் சூடானது என்பதை மறந்துவிடக் கூடாது.

'இல்லை' என்று சொல்வது யார்?

வேதாந்தத்தின் பக்கம் நிலைமை தலைகீழ். கௌடபாதரின் மாண்டூக்கிய காரிகையில் பௌத்தச் சொற்களும் உவமைகளும் மண்டிக் கிடக்கின்றன. சுழலும் கொள்ளிக்கட்டை காட்டும் நெருப்பு வட்டம் அவற்றுள் ஒன்று. அவர் வழிவந்த சங்கரர் பிரம்மசூத்திர உரையில் சூனியவாதத்தை மறுக்கக்கூட முயற்சி தேவையில்லை, எல்லா அளவைகளுக்கும் அது முரண் என்று ஒதுக்கிவிடுகிறார். உலகத்தை நீக்கலாம், உடலை நீக்கலாம், மனத்தையும் நீக்கலாம். நீக்கியதற்குச் சாட்சி ஒன்று எஞ்சியே தீரும். அந்தச் சாட்சியை நீக்க முயல்பவரும் அதுவே. எனவே அத்வைதத்தில் வெறுமை ஒரு வாசற்படி. வீட்டுக்குள்ளே இருப்பது நிறைவு. இவ்வளவு வேறுபாடு இருந்தும் இராமானுசர் மரபினர் அவரை மறைமுக பௌத்தர் என்று ஏசினார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சங்கரரும் பௌத்தரும் கழித்த கணக்கு ஒன்றுபோலத் தெரிந்தது, விடைதான் வேறு.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் எழுதிய சிவஞானபோதம் பன்னிரண்டே நூற்பாக்கள் கொண்டது. மூன்றாம் நூற்பா உடம்புக்குள் உயிர் உண்டு என்று நிறுவக் காரணங்களை அடுக்குகிறது. முதல் காரணமே சூனியவாதிக்கான பதில்: ஒவ்வொன்றையும் எடுத்து 'இது உயிரன்று, இது உயிரன்று' என்று கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் 'எதுவும் இல்லை' என்று சொல்கிறதே, அப்படிச் சொல்லும் அறிவு எதுவோ அதுவே உயிர். இதுவரை சங்கரரின் சாட்சி வாதத்துக்குப் பக்கத்து வீடு. ஆனால் ஏழாம் நூற்பாவில் பாதை பிரிகிறது. 'சூனியம்' என்ற சொல்லையே மெய்கண்டார் அங்கே எடுத்தாள்கிறார். சத்தாகிய சிவத்தின் முன் உலகம் சூனியம்போல் நிற்கும், ஆகவே சத்து அதை வேறாக நின்று அறிவதில்லை. உலகமோ சடம், அதற்கு அறிவு இல்லை. இரண்டையும் அறிவது சத்துமல்லாத அசத்துமல்லாத உயிர். அந்த உயிரும் தானாக அறிவதில்லை. சூரியன் இல்லாமல் கண் காணாததுபோல, அறிவிக்க அறிவது. படிகம்போல் சார்ந்ததன் வண்ணமாவது.

இந்த இடத்தில் நாகார்ஜுனரையும் மெய்கண்டாரையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பார்க்கலாம். உணர்வு தனித்து நிற்பதில்லை, சார்ந்தே நிற்கிறது என்பதில் இருவருக்கும் உடன்பாடு. சார்ந்து நிற்பதால் அதற்குத் தன்னியல்பு இல்லை, ஆகவே வெறுமை என்கிறார் ஒருவர். சார்ந்து நிற்பதால் சார்வதற்கு ஒருவர் வேண்டும், ஆகவே இறைவன் என்கிறார் மற்றவர். மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாச்சாரியார், தம் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தத்தை ஒரே மூட்டையாகக் கட்டிவிடாமல், சௌத்திராந்திகர், யோகாசாரர், மாத்தியமிகர், வைபாடிகர் என்று நால்வராகப் பிரித்து நால்வருக்கும் தனித்தனியே பதில் எழுதினார். எதிரியை இவ்வளவு கவனமாகப் படித்தவர்கள், எல்லாம் ஒன்று என்று சொல்லும் இன்றைய நண்பர்களைவிட அந்த எதிரிக்கு அதிக மரியாதை செய்தவர்கள்.

இருபதாம் நூற்றாண்டின் இரண்டு கட்சிகள்

மேற்கிலும் இதற்கு நெருக்கமான பேச்சு உண்டு. ஜெர்மன் துறவி எக்கார்ட், மனம் முற்றிலும் காலியானால் கடவுள் அதை நிரப்பாமல் இருக்க முடியாது என்று போதித்தார். அவர் இறந்தபின் 1329இல் போப்பாண்டவர் அவருடைய 28 கூற்றுகளைக் கண்டித்து ஆணை விட்டார். சூஃபிகளின் பனாவில் 'நான்' அழிகிறது. அதை அடுத்து வரும் பகாவில் இறைவனோடு நிலைத்திருத்தல். இருவரிடமும் வெறுமை என்பது விருந்தாளிக்காக ஒழித்துவைத்த அறை. யார் வருவார் என்பது அறையை ஒழிக்கும்போதே தெரியும்.

1945இல் ஆல்டஸ் ஹக்ஸ்லி எல்லா ஞானியரும் ஒரே உண்மையைத்தான் சொன்னார்கள் என்ற நூலை வெளியிட்டார். 1978இல் ஸ்டீவன் காட்ஸ் அதற்கு நேர் எதிராக, மரபின் சொல்லும் பயிற்சியும் கலக்காத பச்சை அனுபவம் என்று எதுவுமே இல்லை என்று வாதிட்டார். யூத ஞானி காண்பது பௌத்தர் காண்பதன் வேறு பெயர் அல்ல. 1990இல் ராபர்ட் ஃபோர்மன் தொகுத்த நூல், பொருள் ஏதுமற்ற விழிப்பு நிலையொன்று பல மரபுகளில் பதிவாகியிருக்கிறதே என்று மறுத்தது. அண்மையில் ஜெர்மன் மெய்யியலாளர் தாமஸ் மெட்சிங்கர் 57 நாடுகளைச் சேர்ந்த தியானப் பயிற்சியாளர்களிடம் கேள்விப்பட்டியல் வழியே திரட்டிய 500க்கும் மேற்பட்ட அனுபவக் குறிப்புகளை 2024இல் நூலாக்கினார்.

இந்தக் குறிப்புகள் நிச்சயம் மதிப்புள்ளவை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: அவை அனுபவத்தைப் பற்றிய சான்று. நாகார்ஜுனருக்கும் மெய்கண்டாருக்கும் இடையிலான வழக்கு அனுபவத்தைப் பற்றியது மட்டுமன்று, அதிலிருந்து எதை முடிவுகட்டலாம் என்பதைப் பற்றியது. எல்லையற்ற உணர்வில் திளைத்த இருவரில் ஒருவர் 'வந்து சேர்ந்துவிட்டேன்' என்பார், மற்றவர் 'அடுத்த படி எங்கே' என்பார். மூளையை அளக்கும் கருவி இருவருக்கும் ஒரே கோட்டை வரைந்தாலும் அந்த வழக்கு தீராது.

திரைக்குப் பின்

647இல் நடந்த சச்சரவுக்குத் தீர்ப்பு சொல்ல வேண்டுமானால், இரு தரப்புக்கும் பாதிப்பாதி வெற்றி என்பேன். சொல்லின் பொருளில் யுவான் சுவாங் சரி: தாவோ போதி ஆகாது, துருத்தியின் வெறுமை காரிகையின் வெறுமை ஆகாது. வரலாற்றில் செங் சுவான்யிங் சரி: அந்தத் தவறான பொருத்தங்கள் நடந்திராவிட்டால் செங்சாவும் இல்லை, இரட்டை மறைபொருளும் இல்லை, ஹுய்நெங்கின் பாட்டும் இல்லை. பிழையான மொழிபெயர்ப்பு பல தடவை புதிய சிந்தனைக்கு விதையாகியிருக்கிறது. ஆனால் விதைத்தவர்கள் எல்லோரும் வேறுபாட்டை அறிந்தே அதோடு மல்லுக்கட்டியவர்கள்.

சிதம்பரத்தில் நடராசருக்குப் பக்கத்தில் ஒரு திரை தொங்குகிறது. தீட்சிதர் அதை விலக்கி ஆரத்தி காட்டும்போது உள்ளே உருவம் எதுவும் தெரிவதில்லை. தங்க வில்வ இலை மாலைகள் மட்டும் தொங்குகின்றன. இரகசியம் என்று அதற்குப் பெயர். ஆகாய லிங்கம் என்பார்கள். ஊரின் பெயரையும் சித், அம்பரம் என்று பிரித்து, உணர்வே வெளி என்று பொருள் சொல்வது வழக்கம். பழந்தமிழில் அது சிற்றம்பலம், சின்ன மன்றம். பெயர்கூட இங்கே மொழிபெயர்ப்பில் விரிந்திருக்கிறது.

அந்தத் திரை விலகும் சில நொடிகளில், சாவத்தி மாளிகையில் ஆனந்தர் கேட்ட பாடத்தை நினைத்துக்கொள்ளலாம். உருவம் இல்லை. மாலை இருக்கிறது, தீபத்தின் புகை இருக்கிறது, முண்டியடிக்கும் கூட்டம் இருக்கிறது, எட்டிப் பார்க்கும் கண் இருக்கிறது. அந்தக் கண்ணுக்கு ஒளி தருவது யார் என்று பக்கத்தில் நிற்கும் சைவர் கேட்பார். மாலைக்கும் கண்ணுக்கும் தன்னியல்பு உண்டா என்று பௌத்தர் கேட்பார். காலியாக இருப்பதால்தானே இத்தனை பேர் வந்து நிற்க முடிகிறது என்று தாவோயியர் சொல்லக்கூடும். திரை மறுபடி விழுந்துவிடும். மூவரும் பார்த்த இடம் ஒன்றுதான்; வெளிப் பிராகாரத்தில் நடந்தபடி அவர்கள் தொடரும் வாக்குவாதத்தில்தான், ஆளுக்கு ஆள் எதைக் கண்டார்கள் என்பது தெரியவரும்.